நாளைக்குப் புதன்

விடிய நாலரைக்கு எழும்புகிறேன்.
விரல்கள் எழும்ப இன்னும் ஒன்றரை மணித்தியாலம் வேண்டும்.
கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடிக் குசினி,
சுடுதண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பொத்தியபடி
அவற்றுக்குக் காத்திருக்கிறேன்,
வராத பஸ்ஸுக்கு நிற்பதுபோல,
கோபப்பட்டுப் பிரயோசனமில்லாமல்.

பால்மாப் பேணியின் மூடியை
இரவே தளர்த்தி வைத்துவிட்டுத்தான் அமலதாஸ் படுப்பார்.
அதைப்பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

முழங்கையில் செதில். காதுக்குப் பின்னால் செதில்.
கறுப்புச் சட்டை போட்டு மூன்று வருடம்.
கத்தரிக்காயை விடு என்றார்கள், விட்டேன்.
கொச்சிக்கடை அந்தோனியாருக்கு
ஒன்பது செவ்வாய் நேர்ந்தேன்.
அவர் தொலைந்ததைத் தேடித் தருகிறவர்.
எனக்கோ
தொலையமாட்டேன் என்கிறதுதான் பிரச்சினை.

பெரியாஸ்பத்திரி கிளினிக், நம்பர் எண்பத்தேழு.
டொக்டர் விக்கிரமாராச்சிக்கு ஓரளவு தமிழ் வரும்.
"உங்கட உடம்பில ஒரு ஆமி இருக்கு,
கிருமி வந்தா அடிக்க.
அது பிழையா விளங்கிக்கொண்டு
சொந்த ஆக்களையே..."
அதோடு நிறுத்திவிட்டார்.
தலைக்கு மேல் காற்றாடி டக் டக்கென்றது.
மிஸ்ஸி ஃபைலில் எதையோ தேடினா.
"வேற மாதிரிச் சொல்லுறன்" என்றார்.
வேறு மாதிரி அவருக்கு வரவில்லை.

"எல்லைத் தகராறு, டொக்டர்.
புதுக்கடையில் பதினெட்டு வருடம் உறுதி டைப் பண்ணுறன்.
தன்ர காணியையே அடுத்தவன்ர எண்டு
வழக்குப் போட்ட ஒருத்தன் இருக்கிறான்."
"அந்த வழக்கு முடிஞ்சுதா?"
"இல்லை. தவணை போகுது."
"இதுவும் முடியாது" என்றார், கொஞ்சம் சிரித்து.
"தவணை போட்டு வைச்சிருப்பம்."

தவணை என்றால் இது:
புதன் இரவு சோற்றுக்குப் பிறகு ஆறு சின்ன மஞ்சள் மாத்திரை.
புதன் மட்டும். மறந்தும் மற்ற நாளில் இல்லை.
அதன் காரம் தணிக்க வெள்ளிக்கு வேறொன்று.
மாதாமாதம் ஈரலைச் சுகம் விசாரிக்க இரத்தம்.
குளித்த ஈரத்தோடு களிம்பு.
பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள்.
எனக்குப் புதன் தவறாமல் கிடைக்கிறது,
வியாழன்தான் முழுதும் குமட்டலோடு போய்விடுகிறது.

நல்ல மாதங்களும் உண்டு.
சேலை ஊசியை நானே குத்திய ஒரு மாசி.

ஜூலையில் வங்கி காசோலையைத் திருப்பியது.
கையெழுத்து ஒத்துவரவில்லையாம்.
கவுண்டர்ப் பிள்ளை பழைய அட்டையைக் காட்டினாள்.
இரண்டாயிரத்து ஆறில் போட்டது.
கடைசி எழுத்தின் வாலை
என்ன திமிராய்ச் சுழித்திருக்கிறேன்.
"இது நீங்களா?"
என் இரத்தமும் அதைத்தான் கேட்கிறது,
ஒவ்வொரு மூட்டிலும் மறித்து.

ஊருக்கெல்லாம் நான் அடித்துக் கொடுத்த சத்தியக் கடதாசி:
பிறப்புச் சான்றில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர்,
இரண்டும் ஒரே ஆளையே குறிக்கும் என
இத்தால் உண்மையாகவும் நேர்மையாகவும் வெளிப்படுத்துகிறேன்.
வாங்குகிறவர்களில் சிலர்
தாளை ஓரத்தில் மட்டும் பிடிப்பார்கள்.
தொத்தாது என்று சொல்லிச் சொல்லி
இப்போது சில்லறையை எண்ணிக் கொடுப்பதோடு சரி.

அன்று மத்தியானம் எனக்கே ஒன்று அடித்தேன்,
மடங்குகிற இரண்டு விரலால்.
மேற்படி நேர்க் கையெழுத்தும் கோணல் கையெழுத்தும்
ஒருவரையே குறிக்கும்.
மேற்படி செதிலுள்ள தோலும் செதிலற்ற தோலும்
இரண்டாவதை அழித்தேன்.
வங்கிக்கு அது தேவையில்லை.

பக்கத்து மேசை நுஸ்கியா
ரப்பர் சுற்றிய தடித்த பேனையை நீட்டினாள்.
"வடிவுக்குப் போடாதீங்க அக்கா.
காலமைக் கையாலயும் போட ஏலுமான மாதிரிப் போடுங்க."

போட்டேன்.
வாலில்லாமல்,
இரண்டு கோடும் ஒரு புள்ளியும்.
சமாதான நீதவான் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு
"இவ்வளவுதானா?" என்றார்.
இவ்வளவுதான், சேர்.
முத்திரையைக் குத்துங்கோ.